துருவ ஆண்டு முடிந்த மறுநாள்

ஐந்தாவது சர்வதேசத் துருவ ஆண்டுக்குத் திட்டம் தீட்டிக்கொண்டிருக்கும் அறிவியலாளர்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்கப்போகும் அதிகாரிகளுக்கும்,



ஆயத்தங்கள் சூடுபிடித்துவிட்டன என்று அறிகிறேன். ஆர்க்டிக்கைக் கவனிக்கும் சர்வதேச ஆர்க்டிக் அறிவியல் குழு, அண்டார்க்டிகாவைக் கவனிக்கும் ஸ்கார் என்ற அறிவியல் குழு, உலக வானிலை அமைப்பு என எல்லோரும் கூடிப் பேசி வருகிறீர்கள். முதல் துருவ ஆண்டு 1882ல் தொடங்கியது. 2032ல் அதற்கு 150 வயது. விழா எடுக்க நல்ல காரணம்தான். ஆனால் இந்த மடல் 2032ஐப் பற்றியதும் அல்ல, 2033ஐப் பற்றியதும் அல்ல. கப்பல்களும் கேமராக்களும் ஊர் திரும்பிய பிறகு வரப்போகும் 2034ஐப் பற்றியது.

துருவத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் யாருக்கும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்ற இரண்டு பெயர்கள் தெரியாமல் இருக்காது. வெயிலானாலும் மழையானாலும் இந்த இரண்டு ஊர்களின் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் செய்தி முடியும். அந்த மீனம்பாக்கத்திலிருந்து கிரீன்விச் நேரக் கணக்கில் பூஜ்யம் மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும், அதாவது நம் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும், ஒரு பலூன் மேலே போகிறது. அதில் கட்டிய சிறு கருவி வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று எல்லாவற்றையும் அளந்து அனுப்பிக்கொண்டே ஏறி, முப்பது கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி பலூன் வெடித்ததும் கீழே விழும். அதே கணக்கில்தான் கிரீன்லாந்திலும் சைபீரியாவிலும் பலூன்கள் ஏறுகின்றன. ஒரு வாரம் தள்ளி நம் ஊரில் என்ன நடக்கும் என்று கணிக்கும் கணினிக்கு, இன்று உலகம் முழுக்கக் காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். துருவத்தை விட்டுவிட்டு அந்தக் கணக்கைத் தொடங்க முடியாது.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்து அறிவியலாளர்கள் 2021ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காரா கடலில் கோடைக்காலப் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் கொட்டித் தீர்க்கும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அது சொல்கிறது. இருக்கிறது என்று அடித்துச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டுமானால், அல்லது இல்லை என்று தள்ள வேண்டுமானால், காரா கடலில் இன்னும் பல ஆண்டுகள் அளந்தாக வேண்டும். காரா கடல் இருப்பதோ ரஷ்யாவின் வடகரையில். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தச் சிக்கலுக்கு முன்னால் உங்கள் குலமுதல்வரைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன்.

கார்ல் வெய்ப்ரெக்ட் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரி. 1872ல் டெகெட்ஹாஃப் என்ற கப்பலில் வடக்கே போனார். கடற்பனி கப்பலைக் கவ்விக்கொண்டது. அது இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், இரண்டு குளிர்காலங்களைக் கழித்து, 1874ல் கப்பலைக் கைவிட்டு, பனிமேல் நடந்தும் படகு வலித்தும் தெற்கே வந்தவர்களை ஒரு ரஷ்ய மீன்பிடிக் கப்பல் கரை சேர்த்தது. போன இடத்தில் ஃபிரான்ஸ் ஜோசஃப் நிலம் என்ற தீவுக்கூட்டத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஊரில் மாலை மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதையின் சூடு ஆறுவதற்குள், 1875ல் கிராட்ஸ் நகரத்தில் கூடிய அறிவியலாளர்கள் முன்னால் எழுந்து, நாங்கள் போய் வந்ததைப் போன்ற பயணங்களால் அறிவியலுக்குப் பெரிய லாபம் இல்லை என்று அவர் சொன்னார். யார் இன்னும் வடக்கே போவது என்ற போட்டியை விடுங்கள். பல நாடுகள் துருவத்தைச் சுற்றிப் பல இடங்களில் தங்கி, ஒரே மாதிரிக் கருவிகளை வைத்து, ஒரே வேளையில், ஆண்டு முழுக்க அளந்தால்தான் ஏதாவது புரியும் என்றார். தன் கழுத்தில் விழுந்த மாலையைத் தானே கழற்றி வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? 1881 மார்ச்சில் காசநோயில் இறந்துபோனார். அவர் கேட்ட ஆண்டு, மறுவருடம் தொடங்கியது.

பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. வடதுருவத்தைச் சுற்றி வளையம்போல நிலையங்கள்; தெற்கே ஜெர்மனிக்குத் தென் ஜார்ஜியாத் தீவு, பிரான்சுக்குக் கேப் ஹார்ன் பகுதி. இவற்றில் இன்றுவரை உலகம் பேசுவது அமெரிக்க ராணுவ அதிகாரி அடால்ஃபஸ் கிரீலியின் அணியைப் பற்றித்தான். 25 பேர் எல்ஸ்மியர் தீவில் ஃபோர்ட் காங்கர் என்று பெயரிட்ட மரக்கட்டடத்தில் தங்கினார்கள். 1882ல் வரவேண்டிய கப்பல் பனியில் வழியில்லாமல் திரும்பிவிட்டது. 1883ல் வந்த கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கியது. அவர்கள் தெற்கே இறங்கிக் கேப் சபைன் என்ற இடத்தில் பட்டினி கிடந்தார்கள். 1884 ஜூனில் மீட்புக் கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் ஊர் சேரும் முன்பே இறந்தார். இத்தனைக்கும் நடுவில் அளவீட்டுப் பதிவேடுகளை அவர்கள் கைவிடவில்லை. இரண்டு பெரிய தொகுதிகளாக அவை பின்னால் அச்சில் வந்தன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அதே அணியைச் சேர்ந்த லாக்வுட், 1882 மே மாதம் வட அட்சம் 83 பாகை 24 கலைவரை போய், அதுவரை ஆங்கிலேயர் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். எந்தப் போட்டியை விடச் சொல்லி வெய்ப்ரெக்ட் மன்றாடினாரோ, அதே போட்டியை அவர் கேட்ட ஆண்டுக்காகப் போன அணியே நடத்திக் காட்டியது. பட்டினியும் சாதனையும் செய்தித்தாளில் வந்தன. வெப்பமானிக் கணக்கு நூலகத்துக்குப் போயிற்று.

அந்தக் கணக்குக்கும் நல்ல கதி வாய்க்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் அளவீட்டைத் தன் மொழியில், தனித்தனித் தொகுதியாக அச்சிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வரைபடமாகப் பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஒரே நேரத்தில் அளந்ததன் பயனே சேர்த்துப் பார்ப்பதில்தான் இருந்தது. ஆண்டு முடிந்ததும் நிலையங்களைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டாவது துருவ ஆண்டு 1932ல், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில் வந்தது. இருந்தும் ஏறத்தாழ நாற்பது நாடுகள் சேர்ந்தன. ரேடியோ கருவி கட்டிய பலூன்கள் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. சோவியத் ஒன்றியத்தின் மோல்ச்சனோவ் 1930ல் ஒன்றைப் பறக்கவிட்டிருந்தார். துருவத்து மேல்காற்றை அளக்க அது வழி திறந்தது. அதன் பின் இரண்டாம் உலகப் போர் வந்து, சேர்த்த தரவுகளில் பெரும்பகுதியை விழுங்கியது. அதைவிட மோசம், வானிலை என்பதே ராணுவ ரகசியமாயிற்று. ஆர்க்டிக்கில் வானிலை அளக்க ஜெர்மனி ரகசிய நிலையங்கள் வைத்தது. அதில் ஒன்று, ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் ஹாடேகன் என்ற பெயரில் 11 பேர் இருந்த நிலையம். ஜெர்மனி 1945 மே மாதம் சரணடைந்தது. இவர்களை அழைத்துப் போக ஆள் வரவில்லை. செப்டம்பர் 4 அன்று, சீல் வேட்டைக்குப் போகும் ஒரு நார்வேக் கப்பலின் தலைவரிடம் துப்பாக்கியை ஒப்படைத்துச் சரணடைந்தார்கள். ஜெர்மன் படையில் கடைசியாகச் சரணடைந்தவர்கள் வானிலை அளந்தவர்கள்தான்.

மூன்றாவது முயற்சிதான் உங்கள் பரம்பரையின் பொற்காலம். 1957 ஜூலையில் தொடங்கிய சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. 67 நாடுகள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அந்த ஆண்டில்தான் ஸ்புட்னிக் ஏறியது. அப்போதும், அண்டார்க்டிகாவில் அமெரிக்காவின் லிட்டில் அமெரிக்கா நிலையத்தில் விளாதிமிர் ரஸ்தோர்குயெவ் என்ற சோவியத் வானிலையாளர் குளிர்காலம் முழுக்கத் தங்கி வேலை செய்தார். சோவியத்தின் மீர்னி நிலையத்தில் கார்டன் கார்ட்ரைட் என்ற அமெரிக்க வானிலையாளர் தங்கினார். இரண்டு அரசுகளும் ஒன்றின் தலைக்கு மேல் மற்றொன்று அணுகுண்டைக் குறிவைத்திருந்த நாளில், இரண்டு பேர் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து காற்றழுத்த வரைபடம் போட்டார்கள். அண்டார்க்டிகா ஆய்வில் பங்கெடுத்த 12 நாடுகள் 1959 டிசம்பர் முதல் தேதி கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்தப் பழக்கத்தில் பிறந்தது. அறிவியல் அளவீடுகளையும் முடிவுகளையும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டும், எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதன் மூன்றாவது பிரிவு சொல்கிறது.

ஆனால் அந்த ஆண்டைப் பொற்காலம் என்று நான் சொல்வதற்கு நட்பு மட்டும் காரணம் அல்ல. அது முடிந்த பிறகும் சில இடங்களில் அளப்பதை நிறுத்தாமல் விட்டார்கள், அதுதான் காரணம்.

ஹேலி விரிகுடாவில் ஆங்கிலேயர்கள் அந்த ஆண்டுக்காக ஒரு நிலையம் போட்டார்கள். தலைக்கு மேலே ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று டாப்சன் கருவியால் பார்த்துக் குறித்தார்கள். ஆண்டு முடிந்தும் குறித்தார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் குறித்தார்கள். எண் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அதேதான். வசந்தத்தில் 300 அலகை ஒட்டி. இந்த வேலையில் யாருக்கும் பரிசு கிடைக்காது, பதவி உயராது. 1984 அக்டோபரில் அது 200க்கும் கீழே போயிருந்தது. ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜானதன் ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஓசோன் படலத்து ஓட்டையை உலகம் அப்படித்தான் அறிந்தது. 1987 செப்டம்பரில் மான்ட்ரியல் உடன்பாடு வந்துவிட்டது. சரிந்தது என்று சொல்ல முடிந்ததே, சரிவதற்கு முன்னால் இருந்த இருபது வருட அலுப்பூட்டும் எண்கள் கையில் இருந்ததால்தான். புவி இயற்பியல் ஆண்டோடு ஹேலியைப் பூட்டியிருந்தால் அந்த எண்கள் இருந்திருக்காது.

தென் துருவத்திலும் அதே கதை. சார்லஸ் கீலிங் ஏற்பாட்டில் 1957ல் அங்கே காற்றைக் குப்பியில் பிடித்துக் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார்கள். அப்போது பத்து லட்சத்தில் 315ஐ ஒட்டிய பங்கு. ஆலையோ வாகனப் புகையோ எட்டாத அந்த வெள்ளைப் பாலையிலும் 2016 மே மாதம் அது 400ஐத் தாண்டியது.

எங்கள் ஊர்க் கோயில்களில் நந்தா விளக்கு என்று ஒன்று உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால் தெரியும். விளக்கு ஏற்றியவர் பெயர் மட்டும் இராது. அது அணையாமல் எரியத் தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுத்தது, அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் பெயர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க அவர் ஒப்புக்கொண்டது எல்லாம் இருக்கும். சாவா மூவாப் பேராடு என்று எழுதுவார்கள். ஆடு சாகும், ஆனால் குட்டி போடும், மந்தை குறையாது, அடுத்த தலைமுறையும் நெய் அளக்கும். அரசன் மாறினாலும் விளக்குக்கு நெய் வரும்படி செய்த ஏற்பாடு அது. நீங்கள் விளக்கேற்றும் வேலையில் கெட்டிக்காரர்கள். 2007 மார்ச் முதல் 2009 மார்ச் வரை நடந்த நான்காவது ஆண்டில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிய விளக்குகளைப் பார்த்தோம். ஆட்டுக் கணக்கைத்தான் காணோம்.

நெய் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடிப் போக வேண்டாம்.

சோவியத் ஒன்றியம் 1937 முதல் கடற்பனியின் மேலேயே நிலையம் போட்டு, பனி நகர நகரத் தானும் நகர்ந்து அளந்துவந்தது. 1991ல் அது நின்றது. மறுபடி அப்படி ஒரு நிலையம் வர 2003 ஆயிற்று. ஆர்க்டிக் பனி வேகமாக மெலியத் தொடங்கிய காலம் அந்த இடைவெளிக்குள் அடங்குகிறது. அப்போது போர் எதுவும் நிறுத்தவில்லை, கஜானா காலி, அவ்வளவுதான். 2015ல் ரஷ்ய வானிலைத் துறை செலவைக் குறைக்கப் பல நிலையங்களில் நாளுக்கு இரண்டு பலூனை ஒன்றாக்கியது. கொஞ்ச காலம் கழித்துத்தான் சரிசெய்தது. சரி, ரஷ்யா அப்படித்தான் என்று யாராவது உச்சுக்கொட்டும் முன்: 2025 பிப்ரவரியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே அலாஸ்காவில் உள்ள காட்சிபூவில் அமெரிக்க வானிலைத் துறை பலூன் விடுவதையே நிறுத்தியது. போதிய ஆட்கள் இல்லை என்றார்கள். அதே ஆண்டு ஜூனில், கடற்பனியை அளக்கப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்த அமெரிக்க ராணுவச் செயற்கைக்கோள்களின் தரவு சில நாளில் நிற்கும் என்று அறிவிப்பு வந்தது. பிறகு தள்ளிப்போட்டார்கள். இதற்கிடையில் கொலராடோவில் பனித் தரவு மையத்தில் இருப்பவர்கள் ஜப்பானியச் செயற்கைக்கோளின் கருவிக்கு மாற ஓட வேண்டியதாயிற்று. ஜப்பான்காரர்கள் அதை மேலே வைத்திருந்தது நம் நல்ல காலம். நல்ல காலத்தை நம்பி நாற்பது ஆண்டு வரைபடத்தை வைத்திருப்பது நியாயமா?

இனி, காரா கடலுக்கு வருகிறேன்.

2022 மார்ச் 3ஆம் தேதி, ஆர்க்டிக் மன்றத்தின் எட்டு உறுப்பு நாடுகளில் ஏழு, ரஷ்யாவோடு உட்கார முடியாது என்று அறிவித்தன. மன்றத்தின் தலைமை அப்போது ரஷ்யாவிடம் இருந்தது. உக்ரைன் மீது படை ஏவிய அரசோடு கைகுலுக்க மறுத்ததை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த இடத்தில் எந்த மானமுள்ள நாடும் அதைத்தான் செய்திருக்கும். ஆனால் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்க்டிக் கடற்கரையில் ஏறத்தாழப் பாதி ரஷ்யாவுடையது. உலகின் உறைமண்ணில் பெரும்பங்கும் அங்கேதான். உறைமண்ணுக்குள் முடங்கிக் கிடக்கும் கரி, வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது இளகினால் மீத்தேனும் கரியமில வாயுவும் எவ்வளவு கிளம்பும் என்பது இந்த நூற்றாண்டின் பெரிய கேள்விகளில் ஒன்று. அந்த மண்ணில் நட்ட கருவிகளின் கணக்கு மேற்கு நாட்டு ஆய்வாளர்களுக்கு வருவது பெரிதும் நின்றுபோனது. ரஷ்ய நிலையங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் வைத்து ஆர்க்டிக்கைப் பார்த்தால் கணக்கு எவ்வளவு கோணும் என்று 2024 ஜனவரியில் ஓர் ஆய்வு வந்தது. சில அளவுகளில் அந்தக் கோணல், இந்த நூற்றாண்டின் இறுதிவரை பருவநிலை மாறுவதால் வரக்கூடிய மாற்றத்துக்கே நிகர் என்றது. இது நடப்பது உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகும் பகுதியில்.

ஆனால் அதே 2022 மார்ச்சில் தெற்கே நடந்தது வேறு. அண்டார்க்டிகாவின் நடு மேட்டில் பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா நிலையத்தில், 18ஆம் தேதி வெப்பம் மைனஸ் 12ஐ ஒட்டி ஏறியது. அந்த நாளுக்கு இயல்பானதைவிட ஏறக்குறைய 39 டிகிரி அதிகம். உலகில் எங்குமே அதுபோல ஒரு விலகல் பதிவானதில்லை. கருவி பழுதோ என்று முதலில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் பல நூறு கிலோமீட்டர் தள்ளி ரஷ்யாவின் வோஸ்தோக் நிலையத்தில் அதே நாள் மைனஸ் 17.7. மார்ச் மாதத்தில் அங்கே அதுவரை இருந்த உச்சத்தைவிட 15 டிகிரி மேலே. 1983 ஜூலையில் மைனஸ் 89.2 என்று பூமியின் மிகக் குளிர்ந்த கணக்கைக் கொடுத்த அதே நிலையம். மேற்கும் ரஷ்யாவும் வடக்கே முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த மாதத்தில், வோஸ்தோக்கின் எண் பாரீசுக்கும் கோவாவுக்கும் வாஷிங்டனுக்கும் போய்ச் சேர்ந்தது.

எப்படி? வழக்கமான வானிலை அளவீடு யாருடைய ஆய்வுத் திட்டமும் அல்ல. உலக வானிலை அமைப்பில் சேர்ந்த நாடுகளின் அன்றாடக் கடமை. சில மணிக்கு ஒருமுறை அளந்து, பொதுச் சங்கேதத்தில் எழுதி, எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். ரஷ்ய நிலையங்களின் அன்றாட வானிலை போர்க்காலத்திலும் வந்துகொண்டிருந்தது. உறைமண்ணின் வெப்பமும் மீத்தேன் கணக்கும் வராமல் போனதற்குக் காரணம், அவை மானியத்தில் நடக்கும் ஆய்வுத் திட்டங்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தம், மூன்று வருட நிதி, ஒரு பேராசிரியரின் ஆர்வம் என்று நிற்பவை. அரசியல் காற்று கொஞ்சம் அடித்தாலும் முதலில் முறிவது அதுதான்.

நான் கேட்பதன் சாரம் இவ்வளவுதான்: துருவத்தில் திட்டமாக இருப்பதைக் கடமையாக மாற்றுங்கள். உறைமண் வெப்பம், கடற்பனியின் தடிமன், பனிப்படலத்தின் எடை, மண்ணிலிருந்து கிளம்பும் வாயு ஆகியவை வெப்பமானியும் காற்றழுத்தமானியும் போல அன்றாட அளவீடுகளின் பட்டியலில் ஏற வேண்டும். அதற்கு அடித்தளம் இல்லாமலும் இல்லை. 2021 அக்டோபரில் உலக வானிலை அமைப்பு நிறைவேற்றிய தரவுக் கொள்கை வானிலையோடு பனிமண்டலத்தையும் சேர்த்தே பேசுகிறது. எவை கட்டாயம் பகிரவேண்டியவை, எவை பகிர்ந்தால் நல்லது என்று இரண்டாகப் பிரிக்கிறது. துருவத்து எண்களில் எத்தனை கட்டாயப் பட்டியலுக்குள் போகும் என்பதில்தான் ஐந்தாவது துருவ ஆண்டின் வெற்றி தோல்வி இருக்கிறது. எத்தனை பனிப்பிளப்பான்கள் போயின, எத்தனை ஆவணப்படம் எடுத்தார்கள் என்பதில் இல்லை.

பெரிய பயணங்களே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2019 செப்டம்பரில் போலார்ஸ்டெர்ன் கப்பல் பனியில் வேண்டுமென்றே சிக்கிக்கொண்டு ஓராண்டு மிதந்ததே, மொசைக் பயணம், அதை நான் வாய்பிளந்துதான் படித்தேன். ஜெர்மன் கப்பலுக்கு ரஷ்யப் பனிப்பிளப்பான்கள் ஆளும் பொருளும் கொண்டுபோய்க் கொடுத்தன. இன்று அப்படி ஒன்றை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: பயணம் நட்பு இருக்கும்போது நடக்கும். நட்பு இல்லாத நாளிலும் நடக்கக்கூடிய ஏற்பாடு ஒன்று வேண்டும். ஆர்க்டிக் மன்றத்தின் பணிக்குழுக்கள் 2024ல் இணையவழியே மீண்டும் பேச ஆரம்பித்ததைப் பார்க்கும்போது, கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை என்று தெரிகிறது. முதலில் எண்கள் அந்த இடுக்கு வழியாக வரட்டும். மனிதர்கள் கைகுலுக்குவது அரசுகளின் பாடு.

ஆர்க்டிக்கில் குடியிருப்பவர்களைப் பற்றி நீங்கள் கூடும் இடங்களிலெல்லாம் நல்ல வார்த்தை சொல்கிறீர்கள். இனுயிட், சாமி, நெனெட்ஸ் மக்கள் அங்கே வருடம் 365 நாளும் இருக்கிறார்கள். ஆய்வாளர் ஊருக்குப் போன பிறகும் கருவியைத் துடைத்து எண்ணை வாசிக்க அவர்களைவிடத் தோதான ஆள் இல்லை. அவர்களுக்குச் சம்பளம் போடுங்கள். நன்றியுரையில் பெயர் போடுவது போதாது.

எங்கள் நாட்டு அதிகாரிகளிடம் தனியாக ஒரு வார்த்தை. இந்தியா 1983ல் அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. மைத்ரி 1989 முதல், பாரதி 2012 முதல் இயங்குகின்றன. 2024 மே மாதம் கொச்சியில் அந்த ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தை நாமே நடத்தினோம். ஆர்க்டிக் மன்றத்தில் 2013 முதல் பார்வையாளர். ஸ்வால்பார்டின் நி-ஆலசுண்டில் 2008ல் ஹிமாத்ரி நிலையம் திறந்தோம். திறப்பு விழாவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2023 டிசம்பரில் நடந்தது: பதினைந்து ஆண்டு கழித்து, துருவ இரவிலும் அங்கே நம் ஆட்கள் தங்கத் தொடங்கினார்கள். அதே ஊரை ஒட்டிய கோங்ஸ்ஃபியோர்டனில் 2014ல் இறக்கிய இண்டார்க் மிதவை, சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் உருவாக்கியது. நீருக்கடியில் உப்பையும் வெப்பத்தையும் அளந்து சேர்க்கும் கருவி. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பெருமையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நாம் ரஷ்யாவோடும் பேசுகிறோம், மேற்கோடும் பேசுகிறோம். மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா இருக்கிறது. கேப் டவுனிலிருந்து அந்த நிலையத்தின் பனி ஓடுதளத்துக்குத்தான் பல நாடுகள் சேர்ந்து விமானம் விடுகின்றன. நம் ஆட்களும் அதில்தான் இறங்குகிறார்கள். நடுவில் நிற்பதால் நமக்கு எண்ணெய் மலிவாகக் கிடைத்தது என்று உலகம் பேசுகிறது. அந்த இடத்தை வைத்து உறைமண் கணக்கையும் காரா கடல் கணக்கையும் எல்லோருக்கும் பெற்றுத்தந்தார்கள் என்று பேச வைக்க முடியும். செப்டம்பர் மழையில் பயிரை இழக்கும் விதர்ப விவசாயிக்கு அதில் நேரடி அக்கறை உண்டு. அதோடு, நம் நிலையங்கள் அளப்பதைத் திருநெல்வேலியில் ஒரு கல்லூரி மாணவி விண்ணப்பம், கையெழுத்து, காத்திருப்பு எதுவும் இல்லாமல் இறக்கிக்கொள்ளும்படி திறந்து வையுங்கள். பகிரச் சொல்லி மற்றவர்களைக் கேட்பவன், தன் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கக் கூடாது.

கடைசியாக, எல்லோருக்கும் பொதுவான ஒரு விண்ணப்பம். ஐந்தாவது துருவ ஆண்டுக்கு வரும் ஒவ்வொரு திட்ட வரைவிலும் ஒரு பத்தியைக் கட்டாயமாக்குங்கள். 2034 முதல் 2064 வரை இந்தக் கருவியை யார் பழுதுபார்ப்பார், யார் வாசிப்பார், செலவு எந்தத் துறையின் எந்தக் கணக்கில் வரும், எண் எத்தனை மணி நேரத்துக்குள் பொதுவில் வரும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பத்தி இல்லாத திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாசகர்